ஆனந்தரங்கம் பிள்ளை முதல் வயர்ஷார்க் வரை: உறையின் மேல் படித்தவர்கள்

இது நீளமான பதிவு. ஒரு காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு போன். என்னிடம் படித்தவன்தான், 1997 பேட்ச். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். ஒரு பெரிய ஆபீசில் நெட்வொர்க் பார்க்கிறான். "சார், புதுசா சேர்ந்த பசங்களுக்கு வயர்ஷார்க் பத்தி ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்கணும். எந்தப் பட்டனை அழுத்தணும்னு நான் சொல்லிடுவேன். பிடிச்ச ஃபைலை எப்படி வெச்சுக்கணும், எப்போ ஒழிச்சுக்கட்டணும்னு சொன்னா மட்டும் காதுல ஏற மாட்டேங்குது. நம்ம ஊர்க் கதையா ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றான்.

ஊர்க் கதைக்குப் புதுச்சேரியில் பஞ்சமா? ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் என் கதை ஒன்றும் கூடவே வருகிறது. அதில் பாதிதான் அவனுக்குத் தெரியும். மீதியையும் இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் கம்ப்யூட்டர் பக்கம் போகாத உறவுகளுக்காக இரண்டு வார்த்தை. பாக்கெட் என்றால் பான்லே பால் பாக்கெட் இல்லை, பெரியம்மா. நீங்கள் போனில் ஒரு போட்டோ அனுப்பினால் அது முழுசாகப் போவதில்லை. ஆயிரத்து சொச்சம் எழுத்து அளவுள்ள துண்டுகளாக உடைந்து போகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் யாரிடமிருந்து, யாருக்கு என்ற விலாசம் இருக்கும். அந்தத் துண்டுதான் பாக்கெட். கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிரதி எடுத்து ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது ஒரு வேலை. பிறகு அந்தக் கோப்பைத் திறந்து, யார் யாரோடு எப்போது எவ்வளவு பேசினார்கள் என்று பார்ப்பது இன்னொரு வேலை. வயர்ஷார்க் இரண்டையும் செய்யும்.

அந்தக் கோப்புக்குள் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம். தொடக்கத்தில் 24 பைட்டில் ஒரு முகப்பு. அப்புறம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 16 பைட்டில் நான்கே எண்கள். பிடித்த நேரம் வினாடியில், அதற்கு மேல் மைக்ரோ வினாடி, எவ்வளவு பிடித்தோம், உண்மையில் எவ்வளவு இருந்தது. கடைசி இரண்டையும் கவனியுங்கள். முழுவதையும் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்பதையும் அந்தக் கோப்பு எழுதி வைக்கிறது. நாணயமான கணக்குப்பிள்ளை அப்படித்தான் எழுதுவார்.

கணக்குப்பிள்ளை என்றதும் நம் ஊர்க்காரர் ஆனந்தரங்கம் பிள்ளை வந்துவிடுகிறார். துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை நாட்குறிப்பு எழுதினார். ஊர் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். பெரிய மார்க்கெட் பக்கம் அவர் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்குறிப்பைப் புரட்டினால், எந்தக் கப்பல் எப்போது நங்கூரம் போட்டது, வந்தவருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, எந்த ஊரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தது, வாங்கிப் படித்தபோது துரையின் முகம் எப்படிப் போயிற்று என்று வரிசையாக இருக்கும். நாளும் பொழுதும் குறித்துத்தான் எழுதுவார். எல்லாக் கடிதத்தையும் அவர் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் மசூலிப்பட்டணத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ வழக்கத்துக்கு மாறாகத் தபால் வந்தால், அடுத்து என்ன நடக்கும் என்று வியாபாரிக்குத் தெரியவேண்டும் அல்லவா? பிரதி எடுக்கப்படும் வரை, ஏறக்குறைய நூறு வருஷம் அந்த ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல் காலுவா மோன்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் பிரதி எடுக்க வைத்தார். இன்று 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி யார் எழுதினாலும் அதைத் தொடாமல் தாண்ட முடியாது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. பிள்ளை எழுதி வைத்தது நல்லது என்கிறோம். ஆனால் எழுதி வைக்கப்படுகிறவன் பக்கம் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?

அதற்கு ஈசுவரன் தருமராசா கோயில் தெருவுக்கு வரவேண்டும். பாரதியார் 1908-இல் இங்கே வந்தார். 'இந்தியா' வாரப் பத்திரிகையும் சென்னையிலிருந்து பின்னாலேயே வந்தது. பத்திரிகை அச்சாவது பிரெஞ்சு மண்ணில். படிப்பவர்களும் சந்தா கட்டுபவர்களும் எல்லைக்கு அந்தப் பக்கம். நம் எல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தெரு இங்கே, அடுத்த ஏரி அங்கே. ஆக எல்லாமே தபாலை நம்பித்தான். பிரெஞ்சுத் தபால் போக, பிரிட்டிஷ் இந்தியாவின் அஞ்சல் நிலையமும் இந்த ஊரில் இருந்தது. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 26-ஆவது பிரிவில், பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்று சொல்லி எந்தத் தபாலையும் நிறுத்தி எடுத்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் இருந்தது. பத்திரிகைக்கு எல்லைக்கு அப்பால் தடை வந்தது. அனுப்பிய பிரதிகள் பறிமுதலாயின. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோயிற்று. எழுதுகிறவனைத் தொடாமலே, எழுத்து போகும் வழியை அடைத்தே ஒரு பத்திரிகையை முடித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம், 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி, 'துய்ப்ளே' கப்பலில் அரவிந்தர் வந்து இறங்கினார். கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடியில் தங்கினார். அந்த வருஷமே வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின், பிரிட்டிஷ் போலீசுக்குப் புதுச்சேரி என்றாலே தூக்கம் போயிற்று. வாடகை வீடு பிடித்துக்கொண்டு சி.ஐ.டி. ஆட்கள் இங்கேயே தங்கினார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் அவர்களால் யாரையும் கைது செய்ய முடியாது. வீட்டுக்குள் போய்த் தேடவும் முடியாது. முடிந்ததெல்லாம் வாசலில் நின்று பார்ப்பதுதான். யார் வருகிறார், யார் போகிறார், எந்த நேரம், கையில் என்ன, எந்த ஊர் ரயில். எல்லைக்கு அப்பால் தபாலில் யாருக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள் என்ற கணக்கு. இதெல்லாம் திரண்டு மதராஸ் சி.ஐ.டி.யின் வாராந்தர ரகசியச் சுருக்கத்தில் அச்சாயிற்று.

என் பழைய மாணவன் இதைப் படித்தால் சிரிப்பான். ஏனென்றால் இன்று அவன் செய்வதும் இதுதான். உள்ளே இருப்பது பூட்டுப் போட்டது. ஜிமெயில் 2010 ஜனவரியிலேயே எல்லோருக்கும் பூட்டுப் போட்ட வழியை வழக்கமாக்கிவிட்டது. இன்று பெரும்பாலான தளங்கள் அப்படித்தான். ஆனால் பூட்டு கடிதத்துக்குத்தான், உறைக்கு இல்லை. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிசு, எத்தனை தடவை என்பதெல்லாம் வெளியே தெரியும். ராத்திரி 2 மணிக்கு ஒரு குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் முன்பின் தெரியாத ஊருக்குப் பெரிய பெரிய கோப்பாக அனுப்புகிறது என்றால், என்ன அனுப்புகிறது என்று தெரியாமலே அவன் எழுந்து ஓடவேண்டியதுதான்.

இந்த வித்தையை இரண்டாம் உலகப் போரில் முறையாகச் செய்தார்கள். கார்டன் வெல்ச்மன் என்ற கணித ஆசிரியர் (நம்ம ஜாதி!) பிளெட்ச்லி பார்க்கில் இருந்தார். ஜெர்மானியச் சங்கேதத்தை உடைப்பதற்கு முன்பே, எந்த நிலையம் எந்த நிலையத்தை எத்தனை தடவை கூப்பிடுகிறது என்று வரைந்து பார்த்தாலே படை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும் எனக் கண்டுகொண்டார். 1982-இல் அதைப் புத்தகமாக எழுதினார். பாதுகாப்பு அனுமதியைப் பறித்துவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் கொழும்பிலும் பிரிட்டிஷ் கடற்படை ஜப்பானியரின் வானொலியை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி நம் ஊருக்கு வருகிறேன். ஐயர் வீட்டுக் கிணற்று விஷயம் பலருக்குத் தெரிந்திருக்காது. தண்ணீர் இறைக்கும்போது ஒரு மூடிய பாத்திரம் மேலே வந்தது. திறந்து பார்த்தால் ராஜத் துரோகமான காகிதங்கள். யாரோ உளவாளி போட்டுவைத்தது. இந்தப் பக்கம் பிரெஞ்சுப் போலீசுக்குத் தகவல் கொடுத்துச் சோதனை போட வைப்பது அவர்கள் திட்டம். அரவிந்தர் சொன்ன யோசனைப்படி, இவர்களே முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். நாந்தோ என்ற நீதிபதி விசாரிக்க வந்தார். அரவிந்தர் வீட்டில் குண்டைத் தேடி வந்தவர் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பிப் போனார்.

ஏன் இதைச் சொல்கிறேன்? கையில் கிடைத்த ஆதாரம் அங்கேயே பிறந்ததா, இடையில் யாராவது கிணற்றில் போட்டதா என்பது அன்றும் கேள்விதான், இன்றும் கேள்விதான். பாக்கெட் கோப்பிலும் வேண்டாததைச் சொருகலாம், வேண்டியதை வெட்டலாம். அதனால்தான் பிடித்த உடனே அந்தக் கோப்புக்கு ஒரு ஹாஷ் எடுத்து, கோப்போடு வைக்காமல் வேறு இடத்தில் எழுதி வைக்கவேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வயர்ஷார்க்கோடு வரும் கேப்இன்ஃபோஸ் என்ற சின்னக் கருவி அதைக் கொடுக்கும். முதல் பாக்கெட் எப்போது, கடைசி எப்போது, மொத்தம் எத்தனை என்றும் சொல்லும். அசலைத் தொடாமல் பிரதியில் வேலை செய்வது பழக்கமாகவேண்டும்.

இந்தக் கருவிகளின் சரித்திரம் சுருக்கமானது. 1988-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வேன் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கான் மூவரும் டிசிபிடம்ப் எழுதினார்கள். இன்றைய கோப்பு வடிவம் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஜெரால்டு கோம்ப்ஸ் என்பவர் வேலைக்குத் தேவைப்பட்டு, விலைக்கு வாங்க முடியாமல், தானே எழுதத் தொடங்கினார். 1998-இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006-இல் வேறு கம்பெனிக்குப் போனபோது அந்தப் பெயரைக் கூடக் கொண்டுபோக முடியவில்லை. பெயர் வயர்ஷார்க் ஆயிற்று. இன்றும் இலவசம்.

ஈதரியல் என்ற அந்தப் பழைய பெயர்தான் என் கதையில் வருகிறது.

2003 டிசம்பர். நான் லேப் பொறுப்பில் இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பத்து கம்ப்யூட்டர், ஒரு ஹப், ஒரு டயல்-அப் இணைப்பு. சில மாதமாக இணையம் நகரவே இல்லை. பெங்களூர்க்காரன் லீவுக்கு வந்தவன் ஒரு சிடியோடு வந்தான். "சார், ஒரு நாள் முழுக்கப் பிடிச்சுப் பாப்போம்" என்றான். ஹப் என்பது வாய்க்குப் பூட்டில்லாத ஆள். ஒருவனிடம் சொன்னால் பத்துப் பேருக்கும் சொல்லும். ஒரு மெஷினில் ஈதரியலை ஓடவிட்டால் பத்து மெஷின் பேச்சும் அதில் விழும். காலையில் ஓடவிட்டோம். சாயங்காலம் திறந்து, யார் அதிகம் பேசுகிறார்கள் என்று வரிசைப்படுத்தினான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னல் ஓரம் இருந்த ஒரு மெஷின் முன்பின் தெரியாத முகவரிகளையெல்லாம் 135-ஆம் எண் கதவில் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் உலகத்தையே ஆட்டிவைத்த பிளாஸ்டர் புழு! மெஷினைத் துடைத்தோம், இணையம் ஓடியது. நான் அவனுக்கு மிஷன் வீதியில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அவனுக்குத் தெரிந்த பாதி அவ்வளவுதான்.

அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை. 'சோதனை1' என்ற பெயரில் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. அடுத்த வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒரு ஆசை, மீதி சோம்பல்.

பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம், கெட்டிக்காரப் பையன் ஒருவன் அதைத் திறந்துவிட்டான். அந்தக் காலத்தில் வெப்மெயிலில் எழுதி அனுப்பினால் பூட்டு கிடையாது. ஒரு மாணவி அன்று மதிய இடைவேளையில் தன் அக்காவுக்கு எழுதியது அப்படியே இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், சொல்லுக்குச் சொல் நடுவே இடைவெளிக்குப் பதில் கூட்டல் குறி. வீட்டு விஷயம். என்ன எழுதியிருந்தாள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. பையன் பிரிண்ட் எடுத்தான். இரண்டு நாளில் வகுப்பு முழுக்கத் தெரிந்தது.

அவள் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அப்பா வந்து என் எதிரே நின்றார். சத்தம் போடவில்லை. "சார், பொண்ணு எழுதினது உங்க மெஷின்ல எதுக்கு சார் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். புழு, ஹப், 135 என்று ஏதோ விளக்கினேன். அவர் கேட்டது அது இல்லை. பையனைக் கண்டித்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இருபது வருஷமாக உறுத்துகிறது. தோண்டி எடுத்தவன் பதினேழு வயசுப் பையன். திறந்து போட்டவன் நான்.

இதை எழுதலாமா என்று அவளிடமே போன மாதம் கேட்டேன். பெயர் இல்லாமல் எழுதுங்கள் என்றாள். "யார் யார் படிச்சாங்கன்னு எனக்கு இன்னிக்கும் முழுசாத் தெரியாது சார்" என்றாள்.

இங்கேதான் அந்த முடிச்சு திரும்ப வருகிறது. பாரதியாரின் புதுவை வாழ்க்கையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, அவரைப் பின்தொடர்ந்த போலீஸ்காரர்கள் எழுதியது. ரா.அ. பத்மநாபன் தொடங்கிப் பிற்கால ஆய்வாளர்கள் வரை அந்தக் காகிதங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவை எரிந்திருந்தால் நமக்கு நஷ்டம்தான். இதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் 1918 நவம்பர் 20-ஆம் தேதி கடலூர் பக்கத்தில் எல்லை தாண்டியதும் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்ததும் அதே காகிதங்களின் பலத்தில்தான். சரித்திரத்துக்கு உதவும் என்று எந்தச் சி.ஐ.டி.யும் எழுதவில்லை. நானும் பாடம் நடத்த உதவும் என்றுதான் வைத்திருந்தேன்.

ஆகவே பெங்களூர்க்காரனுக்கு, உன் பிள்ளைகளிடம் இதைச் சொல். முதலில் கணக்குப் போடச் சொல். 1 கிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினால் வினாடிக்கு 125 மெகாபைட், மணிக்கு 450 கிகாபைட். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எந்த டிஸ்க்கும் போதாது. அதனால் வளையமாகப் பிடிக்கவேண்டும். இத்தனை மெகாபைட்டில் ஒரு கோப்பு, இத்தனை கோப்பு ஆனதும் பழையது தானே அழியும் என்று டம்ப்கேப்பில் சொல்லிவிடலாம். சோம்பேறி வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. அடுத்து, உறையே போதும் என்றால் கடிதத்தைப் பிடிக்காதே. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட் மட்டும் எடுத்தால் விலாசமும் நேரமும் வந்துவிடும், பேச்சில் பெரும்பகுதி வராது. பெரிய பாக்கெட்டானால் கோப்பும் சுமார் 14-இல் ஒரு பங்காகிவிடும். நாங்கள் அன்று அப்படிப் பிடித்திருந்தாலும் அந்தப் புழு அதே ஐந்து நிமிஷத்தில் கிடைத்திருக்கும். பிடித்துவிட்ட கோப்பையும் எடிட்கேப்பில் கொடுத்து, வேண்டிய பத்து நிமிஷத்தை மட்டும் நறுக்கிக்கொள்ளலாம். நீளத்தையும் குறைக்கலாம். பல இடத்தில் பிடித்ததை மெர்ஜ்கேப் நேர வரிசையில் கோத்துத் தரும். அதற்கு எல்லா மெஷின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டவேண்டும். கோப்பின் பெயரிலேயே தேதி, இடம், எதற்காகப் பிடித்தோம் என்பது இருக்கட்டும். 'சோதனை1' என்று பெயர் வைக்கிறவனை நம்பாதே.

சட்டத்தையும் சொல்லிக் கொடு. செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். லாக் வேறு, பாக்கெட் கோப்பு வேறு என்பதைக் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69பி பிரிவு, போக்குவரத்துத் தரவு என்றே பெயர் சொல்லி, அதைத் திரட்டும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அந்த 1898 அஞ்சல் சட்டம் 2024 ஜூனில்தான் போயிற்று. வந்த புதுச் சட்டத்திலும் தபாலை நிறுத்தும் பிரிவு இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. 'சோதனை1'-ஐ அன்றே அழித்தேன். ஆனால் அழித்தால் டிஸ்க்கில் இருந்து உடனே போய்விடாது என்று தெரியும். அதனால் டிஸ்க்கையே கழற்றி, புதிதுக்குக் கைக்காசு போட்டு, பழையதை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வீடு இரண்டு தடவை மாறியபோதும் கூடவே வந்தது. தூக்கிப் போடவும் பயம், வைத்திருக்கவும் கூச்சம். போனில் அவளிடம் அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உடைச்சுடுங்க சார். போட்டோ அனுப்புங்க" என்றாள்.

நேற்றுக் காலை நெல்லித்தோப்பில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, தட்டு வரைக்கும் இறங்குகிற மாதிரி மூன்று துளை போட்டாயிற்று. பட்டறைப் பையன் காசு வாங்க மாட்டேன் என்றான், கொடுத்துவிட்டு வந்தேன். போட்டோவை அவளுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். இங்கே போடவில்லை.